பகல்ல எலிவேஷன், ராத்திரி வேலோரன்ட்: வேலூர் வெயில்ல ஒரே லேப்டாப் தாங்குமா?

மாடிரூம் எழுதியது:

வணக்கம். ஆறு மாசமா இந்த ஃபோரம்ல ஓரமா நின்னு படிச்சிகினு இருந்தவன், இன்னைக்குத்தான் வாயத் திறக்கறேன். நீளமா வரும், டீ குடிச்சிகினே படிங்க.

தொழில் வீட்டு எலிவேஷன் போடறது, அதாவது கட்டப்போற வீட்டோட முகப்பு எப்படி இருக்கும்னு படம் போட்டுக் காட்டறது. சத்துவாச்சாரியில ஒரு இன்ஜினியர் ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேன். ஆட்டோகேட்ல பிளான், ஸ்கெச்சப்ல அதைத் தூக்கி நிறுத்தறது, அப்புறம் லூமியன்ல கல்லு, கண்ணாடி, புல்லு, வாசல்ல ஒரு வெள்ளை காரு எல்லாம் வச்சுப் படமாக்கறது, அதுக்குப் பேருதான் ரெண்டர். கார் வாங்கற எண்ணமே இல்லாதவர்கூட படத்துல கார் கேப்பார். ஆறு மணியோட ஆபீஸ் சிஸ்டம் கட். அதுக்கப்புறம் வீட்டுல உக்காந்து சொந்தமா மாசத்துக்கு ரெண்டு மூணு பார்ட்டிக்குப் போட்டுத் தரேன். ஆற்காடு, குடியாத்தம், போன மாசம் ஆரணியிலேர்ந்து ஒரு பட்டு வியாபாரி. லேப்டாப்பத் தூக்கிகினு பைக்குல போய் அவங்க வீட்டுத் திண்ணையில வச்சே காட்டணும். அந்தக் காசுலதான் புது லேப்டாப்பே வரப்போவுது.

ராத்திரி பத்தரைக்கு மேல வேலோரன்ட், ஆன்லைன்ல கூட்டா ஆடற துப்பாக்கி கேம். காலேஜ் கூட்டாளிங்க அஞ்சு பேரு. ஒருத்தன் ஓசூர், ஒருத்தன் துபாய், ரெண்டு பேரு சென்னை, நான் இங்க. வாரத்துல நாலு நாளாவது கூடிடுவோம். அதுல பாதி நேரம் ஆட்டம், பாதி நேரம் எவன் சம்பளம் ஏறுச்சுன்ற பேச்சு. எங்களுக்கு அதுதான் இப்ப டீக்கடை பெஞ்ச். அது போக சைபர்பங்க் 2077னு ஒரு கேம் 2020ல வந்தது. ஊரே ஆடி முடிச்சு மறந்தும் போச்சு, நான் இன்னும் அதோட மொதத் தெருவையே பாக்கல.

இப்ப இருக்கறது 2018ல வாங்கினது. ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐன்னு 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட கதவ சாத்திட்டாங்க. அதெல்லாம்கூடப் பரவால்ல. போன கத்திரியில ஒரே ரெண்டர்ல மூணு தடவை தானா அணைஞ்சுது. மூணாவது தடவை கீபோர்டத் தொட்டேன், தோசக்கல்லு. இப்ப டச்பேட் வேற ஒரு பக்கமா மேல எழும்பி நிக்குது, அமுக்கினா அமுங்க மாட்டேங்குது.

ஸ்கிரீன் கதையும் சொல்லிடறேன். தொரப்பாடியில ஒரு வீட்டுக்கு சந்தனக் கலர் கேட்டாங்க. என் ஸ்கிரீன்ல எந்தக் கலரும் சோகை புடிச்ச மாதிரிதான் தெரியும், அதனால கொஞ்சம் தூக்கி வச்சேன். பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்தா அந்தப் பெரியவர் ஒரு நிமிஷம் உத்துப் பாத்துட்டு, "தம்பி, நான் சந்தனம் கேட்டேன், நீ மஞ்சக்காமாலை காட்டற"ன்னுட்டார். பேசின காசுல ஐநூறு குறைச்சுதான் குடுத்தார்.

கையில 95,000 இருக்கு. சீட்டு எடுத்தா இன்னொரு பத்து சேரும், அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. பாத்து வச்சது ரெண்டு. ஒண்ணு ஆர்டிஎக்ஸ் 4050 கார்டு, கார்டு மெமரி 6 ஜிபி, பாக்க தடியா அசிங்கமா இருக்கு. இன்னொண்ணு ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, மெல்லிசு, உலோக பாடி, 1.8 கிலோதான், பார்ட்டி முன்னாடி எடுத்து வச்சா நமக்கே ஒரு மரியாதை. மனசு அந்த மெல்லிசுலதான் இருக்கு. வாங்கிடட்டுமா?

வேலை செய்யற இடம் மொட்டைமாடியில ஒத்த ரூம். மேல காங்கிரீட், ஒரு ஃபேன், ஏசி கிடையாது.

ரிச்சித் தெரு ரிட்டர்ன் எழுதியது:

ப்ரோ, டெஸ்க்டாப். அதே காசுக்கு அதே 4060 முழு மூச்சுல ஓடும், பெட்டி பெருசு, காத்து தாராளமா போகும், நாலு வருஷம் கழிச்சு கார்ட மட்டும் மாத்திக்கலாம். லேப்டாப்ல கேம்னு சொல்றதே ஸ்கூட்டியில செங்கல் ஏத்தற மாதிரி.

மாடிரூம் எழுதியது:

ப்ரோ, குடியாத்தத்துக்கு டெஸ்க்டாப்ப பைக் டேங்க் மேல வச்சு எடுத்துனு போறதா? பார்ட்டி "அந்த ஜன்னலக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க"ன்னு சொல்றப்பவே அவர் கண் முன்னாடி தள்ளிக் காட்டினாத்தான் அட்வான்ஸ் கைக்கு வரும்.

லால்பாக் பயணி எழுதியது:

நான் காட்பாடி. வேலை பெங்களூர்ல. ஞாயிறு சாயங்காலம் லால்பாக் எக்ஸ்பிரஸ்ல ஏறினா வெள்ளிக்கிழமைதான் ஊர் திரும்பறது. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே மாதிரி ஒரு லேப்டாப் வாங்கினேன், அதனால எடை பத்தி மட்டும் சொல்றேன், மத்தது தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

கடையில 2.3 கிலோன்னு எழுதியிருக்கும். அது லேப்டாப் மட்டும். கூட வர்ற சார்ஜர் செங்கல் மாதிரி, 230 வாட், வயரோட சேர்த்து என்னோடது முக்கால் கிலோ. காட்பாடியில மூணாம் பிளாட்பாரத்துக்குப் படி ஏறி இறங்கறப்பதான் அந்த முக்கால் கிலோ யாருன்னு தெரியும். கேம் லேப்டாப் பேட்டரியில கேம் ஆடலாம்னு நினைக்காதீங்க. சார்ஜரப் புடுங்கினதுமே கார்டு தானா வேகத்தக் குறைச்சுக்கும். கணக்கு சுலபம்: பேட்டரி 60 வாட் ஹவர், ரெண்டர் போட்டா 60 வாட்டுக்கு மேலயே இழுக்கும், ஒரு மணி நேரம்கூட நிக்காது.

ஆனா நீங்க பார்ட்டி வீட்டுல படம் காட்டறதுக்கு அவ்வளவு பெரிய சார்ஜர் வேண்டாம். டைப் சி வழியா சார்ஜ் ஏறுமான்னு கேட்டு வாங்குங்க. முக்காவாசி மாடல்ல டைப் சி ஓட்டை இருக்கும், ஆனா எல்லா ஓட்டையிலயும் சார்ஜ் ஏறாது. ஏறும்னா, 100 வாட் சின்ன சார்ஜர் ஒண்ணு போதும், அதுவே போனுக்கும் ஆகும். பெரிய செங்கல் வீட்டுலயே இருக்கட்டும். நான் இத வாங்கினப்புறம்தான் கேட்டேன். என்னோடதுல ஏறாது.

அப்புறம் நீங்க அண்ணனா தம்பியான்னு தெரியல, ஆனா அந்த டச்பேட் எழும்பி நிக்கறது எனக்கு நல்லதாப் படல.

ஸ்க்ரூடிரைவர் நைனா எழுதியது:

மேல லால்பாக் அம்மா சொன்னதுதான் மொத வேலை. டச்பேட் தூக்குதுன்னா கீழ பேட்டரி உப்பிக்கீது தம்பி. இன்னைக்கே சார்ஜரக் கழட்டு, மெத்த மேல வெக்காத, அமுக்கி அமுக்கிப் பாக்காத. நாளைக்குக் கடைக்கு எத்துனு போயி பேட்டரிய எடுக்கச் சொல்லு. அப்பால புதுசப் பத்திப் பேசலாம்.

நான் இருபது வருசமா இந்த ஊர்ல லேப்டாப் பிரிச்சு மூடறவன். கடை எங்கன்னு சொல்ல மாட்டேன், விளம்பரம்னு சொல்லுவீங்க. நம்ம ஊரப் பத்தி ஒரு பழம்பேச்சு கீதில்ல, ராஜா இல்லாத கோட்ட, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலன்னு. சாமி இல்லாத கோயில்னும் ஒண்ணு இருந்துச்சு, 1981ல ஜலகண்டேஸ்வரர கோட்டைக்குள்ள கொண்டாந்து வெச்சதுல அது கழிஞ்சுபோச்சு. அந்த எடத்துல நான் ஒண்ணு சேத்துக்கினேன்: காத்து இல்லாத லேப்டாப்பு. ஏப்ரல் பாதியில ஆரம்பிச்சா ஜூன் வரைக்கும் எங்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல "தானா ஆஃப் ஆவுது நைனா"தான். பிரிச்சுப் பாத்தா ஃபேனுக்கும் அந்தத் தகடுக்கும் நடுவுல தூசி கம்பளி மாரி படிஞ்சுகினு கீது. பிளேடு வெச்சு ஒரே துண்டா உரிச்சு எடுப்பேன். ஒருக்கா உள்ள பல்லி முட்டையே இருந்துச்சு, ரெண்டு. அது குஞ்சு பொரிக்கிற சூடு போலன்னு அந்தப் பையங்கிட்ட சொன்னேன், அவன் சிரிக்கல.

இப்ப உன் மெல்லிசுக்கு வர்றேன். 4060ன்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கீது, சரி. அந்தக் கார்டுக்கு எத்தினி வாட்டு குடுத்துக்கீறான்னு கேட்டியா? என்விடியா கம்பெனியே 35 வாட்டுலேர்ந்து 115 வாட்டு வரைக்கும்னு சொல்லி விட்டுக்கீது. 4050க்கும் அதே 35லேர்ந்து 115தான். நடுவுல எங்க நிறுத்தறதுன்றது லேப்டாப் செய்யறவன் இஷ்டம். மெல்லிசு பாடியில சூடு தாங்காதுன்னு அவன் 60, 65ல நிறுத்திடுவான். தடியில 100க்கு மேல வுடுவான். அப்ப அந்த அசிங்கமான 4050, உன் அழகான 4060க்குப் பக்கத்துல வந்து நின்னுடும். காசு ஒண்டி நீ 4060க்குக் குடுத்திருப்ப. பேப்பர்ல வாட்டு போடலன்னா கடையிலயே என்விடியா கன்ட்ரோல் பேனல் தொற, சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு கீழ ஒரு மூலையில இருக்கும், அமுக்கினா மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்னு நம்பரோட வரும். கடைக்காரன் தொறக்க வுடலன்னா அடுத்த கடைக்குப் போ.

இதெல்லாம் இருக்கட்டும். நான் கேக்க வந்தது வேற. மொட்டமாடி ரூமுன்ற. ராத்திரி பத்து மணிக்கு அந்த ரூம்ல எத்தினி டிகிரி கீது? வெளிய இல்ல, ரூமுக்குள்ள. லேப்டாப்பு ஒண்ணும் ஏசி இல்ல, குளுமைய உண்டு பண்ணாது. சுத்தி இருக்கற காத்த எடுத்துத்தான் தன்ன ஆத்திக்கணும். அந்தக் காத்தே 38னா, சென்னையில ஏசி ரூம்ல 24ல உக்காந்து ஒருத்தன் டெஸ்ட் பண்ணி "85 டிகிரிதான் போவுது, சூப்பர்"ன்னு சொல்றான்ல, அதே லேப்டாப்பு உன் ரூம்ல 95க்கு மேல ஏறி மூச்சு வாங்கும். ஏறினா என்னா பண்ணும்? தானா வேகத்தக் குறைச்சுக்கும். அப்ப நீ குடுத்த காசுல கால்வாசி அந்த காங்கிரீட்டுக்குத்தான் போவுது.

நீ எலிவேஷன் போடறவன். ஊர்ல எல்லார் மாடிக்கும் வெள்ள டைல்ஸ் போடு, கூல் ரூஃப் பெயின்ட் அடின்னு நீயே எழுதிக் குடுப்ப. உன் மாடிக்கு சுண்ணாம்பு அடிச்சியா?

மாடிரூம் எழுதியது:

நைனா, மாட்டிகினேன்.

அடிக்கல. எங்கப்பா காலத்துல வருஷா வருஷம் அடிப்பாங்க, அவர் போனப்புறம் நானே மறந்துட்டேன். போன வாரம்கூட ஒரு பார்ட்டிக்கு மாடியில வெள்ளை டைல்ஸ் போட்டுப் படம் குடுத்தேன். அந்தப் படத்தப் போட்ட ரூமுக்கு மேல கறுத்துப் போன பாசி.

நேத்து பக்கத்து வீட்டு டாக்டரம்மாகிட்ட ரூம் தெர்மாமீட்டர் இரவல் வாங்கி மாட்டினேன். ராத்திரி பத்தே காலுக்கு 37. வெளிய மாடியில நின்னா காத்து வருது, குளிருதுன்னுகூடச் சொல்லலாம். உள்ள வந்தா அடுப்பு. சத்துவாச்சாரிக்காரங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மலை, பகல் பூரா குடிச்ச வெயில ராத்திரி நமக்கே திருப்பி ஊத்தும். கூட நம்ம காங்கிரீட்டும் சேர்ந்துகிச்சு.

பேட்டரிய எடுத்தாச்சு. கடைக்காரர் கழட்டிக் காட்டினார், அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. எடுத்துச் சொன்ன ரெண்டு பேருக்கும் கும்பிடு.

இன்னொண்ணும் செஞ்சேன். ஆபீஸ் சிஸ்டத்துல 12 ஜிபி கார்டு இருக்கு, ஆர்டிஎக்ஸ் 3060. அதுல என்னோட ஆரணி வீட்ட லூமியன்ல திறந்து வச்சுட்டு டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்தப் பாத்தேன். டெடிகேட்டட் மெமரி, அதாவது கார்டோட சொந்த மெமரி, 6.7 ஜிபி ஓடுதுன்னு காட்டுது. அந்தப் பட்டுக்காரர் சுத்தி தென்னந்தோப்பு வேணும்னு கேட்டதுல வந்த வினை, ஒவ்வொரு மரமும் மெமரியத் தின்னுது. அப்படின்னா 6 ஜிபி 4050ல அந்த வீடு திணறும். கார்டு மெமரிய அப்பால கூட்டவும் முடியாது. அதனால தடியாவும் இருக்கணும், 8 ஜிபியாவும் இருக்கணும்னு ஆயிடுச்சு. இதுக்கு முன்னாடி எனக்கு 6க்கும் 8க்கும் வித்தியாசம் விலையில மட்டும்தான் தெரிஞ்சுது.

ராமையும் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. 16 போதுமா?

ஸ்க்ரூடிரைவர் நைனா எழுதியது:

16 போதும், ஆனா எட்டு எட்டா ரெண்டு குச்சி இருக்கணும், இல்ல பதினாறு ஒரு குச்சியும், அப்பால இன்னொண்ணு சொருக பக்கத்துல காலி ஸ்லாட்டும் இருக்கணும். ஒத்தக் குச்சியில ஓட்டினா ராமுக்குப் போற பாத பாதிதான், ஒரு பக்கம் மூடி வெச்ச பாலாத்துப் பாலம் மாரி. உன் வேலோரன்ட் கார்ட விட பிராசஸரத்தான் ஜாஸ்தி நம்பி ஓடுது, அத்தொட்டு அதுல ஒடனே தெரியும். போர்டுலயே ஒட்டின ராமுன்னா தொடாத. ஸ்லாட்டு எத்தினி, எத்தினி காலின்னு வாயால கேட்டா பத்தாது, டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல அதுவே எழுதிக்கீது.

ஆட்டோகேட்டு, ஸ்கெச்சப்பு ரெண்டும் பெரும்பாலும் பிராசஸரோட ஒரே ஒரு கோர வெச்சுத்தான் இழுக்கும். அதுக்குன்னு 24 கோர் வாங்கி வெச்சா 23 வேடிக்க பாக்கும். நடுத்தரமா ஒண்ணு எடு, மிச்சத்த கார்டுல போடு.

ஸ்கிரீனு: எவ்ளோ கலர் காட்டும்ன்றதுக்கு ஒரு அளவு போட்டிருப்பான். 45 பர்சென்ட் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா அதான் உன் மஞ்சக்காமாலை. 100 பர்சென்ட் எஸ்ஆர்ஜிபின்னு இருக்கறதத் தேடு. ஸ்கிரீன் செகண்டுக்கு எத்தினி தடவ படம் மாத்தும்னு 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ்னு பெருசா எழுதிட்டு இத சின்ன எழுத்துல எழுதுவான்.

சூட்டுக்கு ரெண்டு வைத்தியம். பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்னு ஒண்ணு கீது, 100ன்னு இருக்கும். இன்டெல்லா இருந்தா அத 99 ஆக்கு. பிராசஸர் தானா வேகத்த ஏத்திக்கற டர்போ அணைஞ்சிடும், கத்திரியில அதுவே பெரிய நிம்மதி. பிளானு போடறப்ப டர்போ வேணும், அப்ப திருப்பி 100. வேலோரன்ட்ல பிரேம் லிமிட்ட, அதான் செகண்டுக்கு எத்தினி படம்ன்றத, ஸ்கிரீனுக்கு எத்தினி ஹெர்ட்ஸோ அதுலயே நிறுத்து. 144 ஸ்கிரீன்ல 300 பிரேம் ஓட்டினா மிச்சம் 156ம் யாருக்கு? சும்மா சூடு. பின்னாடி கால்ல ரெண்டு சோடா மூடி வெச்சுத் தூக்கி வுடு, அடியில காத்து போவட்டும். ஐநூறு ரூபா கூலிங் பேட விட சோடா மூடி மேல்.

சார்ஜ் 80ல நிறுத்தற வசதி கம்பெனி சாஃப்ட்வேர்லயே வருது, வாங்கின அன்னைக்கே போட்டுடு. உப்பின அப்பளம் ஞாபகம் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு சின்னத் தகவல். உங்க இன்ஜினியர்கிட்ட ஜிஎஸ்டி நம்பர் இருந்தா, ஆபீஸ் பேர்ல பில் போட்டு வாங்கினா அதுல கட்டின 18 சதவீத வரிய ஆபீஸ் கட்டற வரியில கழிச்சுக்கலாம், அதாவது இன்புட் கிரெடிட் எடுத்துக்கலாம்னு யாராவது யோசனை சொல்லுவாங்க. சட்டப்படி ஆபீஸ் வேலைக்கான பொருளுக்குத்தான் அது. பில் ஆபீஸ் பேர்ல இருந்தா லேப்டாப்பும் ஆபீசோடதுதான். நாளைக்கு வேலை மாறினா கேம் சேவ் ஃபைலை மட்டும் பென் டிரைவ்ல எடுத்துகிட்டு வரணும். சொந்தப் பேர்லயே வாங்குங்க தம்பி, பில்லை பத்திரமா வைங்க.

லால்பாக் பயணி எழுதியது:

ஆன்சைட் வாரன்ட்டின்னா உங்க பின்கோடுக்கு வீட்டுக்கே வருவாங்களான்னு எழுத்துல கேளுங்க. எனக்கு "ஆன்சைட்"னு சொல்லிக் குடுத்துட்டு, கீபோர்டு போனப்போ நான் தூக்கிகிட்டு சென்னை வரைக்கும் போனேன். எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம்.

அப்புறம் காட்பாடி பக்கம் காலேஜ் பசங்க படிப்பு முடிச்சு ஊருக்குக் கிளம்பறப்ப கேம் லேப்டாப்ப பாதி விலைக்குக் கொடுத்துட்டுப் போவாங்க. எங்க தெருவுலயே மே மாசம் நாலஞ்சு பேர் கேட்டு வருவாங்க. பார்த்தா ஆசையா இருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஒரு இடம் விட்டு ஸ்லாஷ் போட்டு பேட்டரிரிப்போர்ட்னு அடிச்சா பேட்டரி எவ்வளவா பிறந்தது, இப்ப எவ்வளவா இருக்குன்னு ரெண்டு நம்பர் வரும். நான் ஒண்ணுல பாத்தேன், பாதிக்கும் கீழ. ஹாஸ்டல்ல நாலு வருஷம் சார்ஜர கழட்டவே இல்லை போல.

மாடிரூம் எழுதியது:

மூணு வாரம் ஆச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டு ரெண்டு பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க, அதுக்காக எழுதறேன்.

மொதல்ல சுண்ணாம்பு. ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு நானும் சித்தப்பாவும் மாடி ஏறினோம். பாசியச் சுரண்டவே ரெண்டு மணி நேரம். சுண்ணாம்பு, கூட பசை கலந்து ரெண்டு கோட்டு. எட்டரைக்கு வெயில் ஏறிட்டுது, வெள்ளையில பட்டுத் தெறிச்சதுல கண்ணே தொறக்க முடியல. மொத்தம் ஆயிரத்து நானூறு ரூபா, சித்தப்பாவுக்கு பிரியாணி தனி. நாலு நாள் விட்டு அதே பத்தே காலுக்கு அதே தெர்மாமீட்டரப் பாத்தேன். 37 இருந்தது 33 ஆயிருக்கு. இடையில மழ கிழ ஒண்ணும் பெய்யல. டாக்டரம்மாவும் வந்து பாத்துட்டு, அவங்க மாடிக்கும் அடிக்க ஆள் கேக்கறாங்க.

லேப்டாப்புக்கு சென்னை ரிச்சித் தெரு போகலாமான்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். அங்க ஒரு கடையில போன்ல 98,500 சொன்னாங்க, நம்ம ஊர்ல 1,01,000. ரெண்டாயிரத்து ஐநூறு வித்தியாசம். ஆனா நம்ம ஊர்க் கடைக்காரர் டெமோ பீஸ முக்கால் மணி நேரம் எங்கிட்ட விட்டுட்டுப் போய் டீ குடிச்சிட்டு வந்தார், அதுக்கே குடுக்கலாம். கன்ட்ரோல் பேனல தொறந்தேன். கார்டு 4060, 8 ஜிபி, 115 வாட்டு. பக்கத்துலயே நான் ஆசப்பட்ட மெல்லிசு இருந்தது, அதையும் தொறந்து பாத்தேன். 65. நைனா, ரெண்டும் அப்படியே நீங்க சொன்னபடியே.

கையில தொரப்பாடி வீட்டு பிரிண்ட எடுத்துனு போயிருந்தேன். அதோட படம் பென் டிரைவ்ல. கடையில இருந்த அஞ்சு லேப்டாப்புலயும் அதே படத்தப் போட்டுப் பக்கத்துல பேப்பர வச்சுப் பாத்தேன். ரெண்டுலதான் படமும் பேப்பரும் ஒண்ணா இருந்தது. மத்ததுல எல்லாம் பேப்பர் மஞ்சக்காமாலை, ஸ்கிரீன் சோகை. கடையில வேலை பாக்கற பையன் வந்து எட்டிப் பாத்துட்டு "ஏன்ணா, ஒரே வீட்டயே அஞ்சு தடவ பாக்கறீங்க, வாங்கப் போறீங்களா"ன்னு கேட்டான்.

ராம் ரெண்டு குச்சி, எட்டு எட்டு. டைப் சியில சார்ஜ் ஏறுது, கடையிலயே பையனோட சார்ஜர வச்சுப் பாத்துட்டுதான் காசு குடுத்தேன். எடை 2.4, கறுப்பு, மூலையெல்லாம் கூரா பாக்க பஸ் ஸ்பீக்கர் மாதிரி இருக்கு. பார்ட்டி முன்னாடி மரியாத கிடைக்காது. சீட்டுல ஆறாயிரம் தள்ளி எடுத்ததுல அம்மாவுக்கு இன்னும் கோவம்.

ரூம்ல ரெண்டர் போட்டா 88, 89லயே நிக்குது. பழச கத்திரியில தொட்ட கைக்கு இது நம்பவே முடியல. பிராசஸர் 99, பின்னாடி கால்ல சோடா மூடி. மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் எடுக்கற அன்னைக்கு மட்டும் கீழ ஹால்ல இன்வெர்ட்டர் பிளக்குல உக்கார்றேன். போன தடவ அம்மா பக்கத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சிகினே சைபர்பங்க் பாத்தாங்க. பத்து நிமிஷம் கழிச்சு, "இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு வீட்டுக்கூட திண்ண இல்லியேடா"ன்னாங்க.

தொரப்பாடி பெரியவருக்கு புது ஸ்கிரீன்ல கலர சரி பண்ணி, திரும்ப பிரிண்ட் எடுத்து, காசு கேக்காம கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தார். "இதான்பா சந்தனம்"னார். ஐநூற எடுத்து நீட்டினார். வாங்கிகினு வண்டிய ஸ்டார்ட் பண்றப்ப பின்னாடியே வந்து, "தம்பி, பொண்டாட்டி இப்ப பிஸ்தா பச்சைன்றா, ஒண்ணு போட்டுக் காட்டறியா"ன்னு கேட்டார்.